நான்கு சக்கரத்துக்கும் முப்பத்து மூன்று

வேன் முதலாளி அனுப்பிய கடிதத்தை அந்த வீட்டில் உரக்கப் படித்தவன் நான்தான். படிக்காமல் கிழித்துப் போட்டிருக்கலாம். புத்தி வரவில்லை.

"ஓட்டுநரின் அதிவேகமும் கவனக்குறைவுமே விபத்துக்குக் காரணம். விபத்து நடந்தவுடன் எடுத்த படத்தின்படி நான்கு டயர்களிலும் காற்று சரியான அளவில் இருந்தது. இதை ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்திடவும்."

அவ்வளவுதான் கடிதம். கூடவே ஒரு வண்ணப்படம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திரை. அதில் மேலேயிருந்து பார்த்தமாதிரி வண்டியின் கோட்டுப்படம், நான்கு மூலையிலும் நான்கு எண்கள். 33, 33, 33, 33.

கட்டிலில் படுத்திருந்தவன் கையை நீட்டிப் படத்தை வாங்கினான். இடது கால் தொடை வரை மாவுக்கட்டு. இந்த வீட்டுக்காரியின் தம்பி அவன். வேன் ஓட்டுகிறவர்கள் அவனை 'அறுபது' என்று கூப்பிடுவார்கள். எந்த ரோடாக இருந்தாலும், எவன் பின்னாலிருந்து ஹார்ன் அடித்தாலும், அறுபதைத் தாண்டமாட்டான். "உன் வண்டியில ஏறினா போற எடத்துக்கு மறுநாள்தான் போவோம்" என்று கிண்டல் செய்வார்கள். சிரித்துக்கொள்வான். அவனைத்தான் அதிவேகம் என்று எழுதியிருந்தார்கள்.

நான் பூட்டு சாவிக் கடை வைத்திருக்கிறேன். அடுத்த கடை அவன் அக்கா புருஷனுடைய டயர்க்கடை. குடியிருப்பதும் அவர்கள் வீட்டு மாடியில்தான். பதினான்கு வருடமாக அவர்கள் கம்பிரசர் சத்தத்தில்தான் என் பிழைப்பு. அதனால் நான் ஏதோ நடுவில் நின்று சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்குக் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை.

அந்தக் கடையில் உள்ளே நடக்கும் வேலையெல்லாம் டயர்க்காரருடையது. டயரைக் கழற்றுவது, மாட்டுவது, பஞ்சர் ஒட்டுவது. வெளியே தகரக் கூரைக்கு அடியில் காற்று. காற்று முழுக்க அவர் மனைவி பொறுப்பு. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் 'காத்தக்கா'. வெயில் காலத்தில் அந்தத் தகரத்துக்குக் கீழே நின்றால் தலையில் இஸ்திரிப் பெட்டி வைத்தமாதிரி இருக்கும். தலைக்கு ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு காலை ஏழிலிருந்து நிற்பாள்.

வண்டி ஓடிவந்த சூட்டோடு நின்றால் குழாயைத் தொடமாட்டாள்.

"டீ குடிச்சிட்டு வாங்க. டயர் ஆறட்டும்."

"அவசரமா போகணும்க்கா."

"அப்ப போய்ட்டு வாங்க. நாளைக்குக் காலையில வண்டிய எடுத்ததும் நேரா இங்க வாங்க. சூட்டுல அளந்தா பொய் சொல்லும்."

டயரின் மேலேயே எழுதியிருக்கும் எண்ணைக் காட்டி அவ்வளவு அடி என்பவர்கள் நிறையப் பேர். அவர்களைக் கதவைத் திறக்கச் சொல்லி, நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் காட்டுவாள். "அது டயர் தாங்கற உச்சம். இதுதான் உங்க வண்டிக்கு வேணுங்கற அளவு. நீங்க நாலு ரொட்டி திம்பீங்க, வயிறு பத்து ரொட்டி தாங்கும். பத்தும் திணிக்கட்டுமா?" என்பாள். ஒருவர், "சும்மா கொஞ்சம் கூடவே அடிங்கக்கா, காத்துதானே" என்றார். "கூட அடிச்சா நடு தேயும், குறைச்சா ரெண்டு ஓரமும் தேயும். உங்களுக்கு எது தேயணும்னு சொல்லுங்க" என்றாள். அவர் ஸ்டிக்கரைத் தேடிக் குனிந்தார்.

டயருக்குள்ளேயே சென்சார் வைத்து, காற்று குறைந்தால் முன்னால் மஞ்சள் விளக்கு எரியும் வண்டிகள் வர ஆரம்பித்தபோது, "இனிமே உன் பொழப்பு போச்சு" என்று நான்தான் அவளைச் சீண்டினேன். அவள் கோபப்படவில்லை.

"நல்ல வேல செஞ்சிருக்கான்ண்ணே. நான் மாசத்துக்கு ஒரு தரம் பாக்கறேன். அது ஓட ஓடப் பாக்குது. ஆணி ஏறி மெல்ல மெல்லக் காத்து போனா எனக்குத் தெரியாது, அதுக்குத் தெரியும். ஆனா ஒண்ணு, ரொம்பக் குறைஞ்சாத்தான் அது கத்தும். கொஞ்சம் குறைஞ்சா சும்மா இருக்கும். அதனால நானும் வேணும், அதுவும் வேணும்."

இப்படிப்பட்டவள் வீட்டில்தான் அந்தக் கடிதம் வந்து விழுந்தது.

விபத்து நடந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. தையல் ஆலைக்கு வேலையாட்களைக் கொண்டுபோகும் எட்டுப் பேர் வேன். உச்சி வெயில். ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு பாலத்தை ஒட்டிய வளைவில் பின்பக்கத்து இடது டயர் வெடித்து, வண்டி கைப்பிடிச் சுவரில் மோதிச் சாய்ந்தது. இவனுக்குக் கால். பின்சீட்டில் இருந்த தையல்காரப் பெண்ணுக்கு இடுப்பெலும்பு. அந்தப் பெண்ணின் புருஷன் இரண்டு நாள் முன்பு இந்த வீட்டு வாசலில் நின்று, "பறந்து போய் எதைடா புடிக்கப் பாத்த?" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போனான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவனுக்கும் யாரோ அதே படத்தைத்தான் காட்டியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வண்டி ஆய்வாளர் வருகிறார். அதற்குள் இவன் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். போட்டால் லைசென்ஸ் போகும். இருபது வருடமாக ஓட்டுவதைத் தவிர அவனுக்கு வேறொன்றும் தெரியாது. போடாவிட்டால் ஆய்வாளர் அதே படத்தைப் பார்த்து அதையேதான் எழுதுவார் என்று முதலாளி சொல்லியனுப்பியிருந்தார்.

"குடுங்கண்ணே பேனாவ" என்றான் அறுபது.

"டேய், கொஞ்சம் இரு" என்றாள் அக்கா.

"இருந்து என்னக்கா? மூணு வாரமா வண்டி பின்னாடி ஆடுதுன்னு எனக்குத் தோணிக்கிட்டே இருந்துச்சு. வளைவுல வால் இழுக்கற மாதிரி. முதலாளிகிட்ட மூணு தரம் சொன்னேன். 'திரையைப் பாருடா, முப்பத்து மூணு காட்டுது, உனக்குத்தான் கிறுக்கு'ன்னாரு. பாத்தேன். முப்பத்து மூணுதான். அப்ப நான்தான தப்பு? வேகமாத்தான் போயிருக்கேன் போல. எனக்கே ஞாபகம் சரியா இல்ல."

"எவ்வளவு வேகம் போன?"

"அறுபதுன்னு நெனச்சேன். இப்பத் தெரியல."

எனக்கு எரிச்சல் வந்தது. இருபது வருடம் ஸ்டியரிங் பிடித்த கை. அந்தக் கை சொன்னதைவிட ஒரு தீப்பெட்டி அளவுத் திரை சொன்னதைப் பெரிதாக நம்ப வைத்துவிட்டார்கள். கால் உடைந்ததைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

டயர்க்காரர் அதுவரை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவித்த முட்டை உரித்துக்கொண்டிருந்தார். உரித்த முட்டையையே மறுபடி மறுபடி உரித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

"போட்டுக் குடுத்துடு மாப்ள" என்றார், முட்டையைப் பார்த்தபடி. "முதலாளியப் பகைச்சுக்க வேணாம். பதினோரு வண்டி நம்ம கடைக்கு வருது. கால் சரியானதும் கடைக்கு வா. நான் வேல கத்துத்தரேன்."

"சரி மச்சான்" என்றான் அவன்.

காத்தக்கா தம்பி கையிலிருந்து படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"படம் எப்ப எடுத்தது?"

"மோதின உடனே. பின்னாடியே இன்னொரு வண்டியில முதலாளி ஆளு வந்தாரு, அவர் எடுத்தாரு."

"வெடிச்ச டயருக்கு எப்படிடா முப்பத்து மூணு காட்டும்?"

"வெடிக்கறதுக்கு முந்தி இருந்தது அப்படியே நின்னிருக்கும்" என்றார் டயர்க்காரர். கொஞ்சம் அவசரமாகவே சொன்னார். "திரைக்குச் சேதி போறதுக்குள்ள வெடிச்சிருக்கும்."

"சரி, வெடிச்சதை விடுங்க. மத்த மூணும்?"

"மத்த மூணும் சரியாத்தான இருக்கு?"

"அதான் கேக்கறேன்" என்றாள். படத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தம்பியிடம், "வெள்ளிக்கிழம வரைக்கும் பேனாவத் தொட்ட, கைய ஒடிச்சிடுவேன். கால் ஒண்ணு, கை ஒண்ணுன்னு சரியாப் போகும்" என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினோரு நாளில் அன்றுதான் சிரித்தான்.

மறுநாள் காலை நான் கடையைத் திறந்து ஷட்டருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். வாடிக்கையான டாக்சிக்காரர் ஒருவர் சவாரி முடித்து வந்து டீக்காக நிறுத்தினார். காத்தக்கா குழாயை எடுக்காமல் அளவு மானியை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் வண்டியின் பக்கத்தில் குந்தினாள்.

"சூட்டுல அளக்கமாட்டேன்னுவியே?" என்றேன்.

"இன்னைக்கு அளக்கறேன். இந்த வண்டிக்கு நேத்துக் காலையில ஆறின டயருல முப்பத்து மூணு வெச்சது நான்." அழுத்தினாள். என்னிடம் காட்டினாள். முப்பத்தேழு. அடுத்ததும் முப்பத்தேழு. வெயில் பக்கம் நின்றது முப்பத்தெட்டு.

"புரியுதாண்ணே? ஓடினா சூடாகும். சூடானா ஏறும். ஒரு மணி நேரம், உச்சி வெயில்ல, எட்டுப் பேர ஏத்திக்கிட்டு ஓடின வண்டி. அதுல நாலு டயரும் சொல்லிவெச்ச மாதிரி முப்பத்து மூணு. ஒண்ணுல முப்பத்து நாலு இல்ல, முப்பத்து ரெண்டு இல்ல. அது ஓடற டயரோட அளவே இல்லண்ணே. வீட்டுல நிழல்ல படுத்துத் தூங்கற எதோ ஒண்ணோட அளவு."

அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் மாறியது. கையிலிருந்த மானியைத் தரையில் வைத்தாள். அப்படி அவள் தரையில் வைத்து நான் பார்த்ததே இல்லை. ஒரு துணியில் சுற்றித்தான் வைப்பாள்.

"அண்ணே, அந்த வெள்ளைப் பைப்பு."

எனக்கும் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் வாரம் டயர்க்காரர் ஒரு குழாயை எடுத்துவந்து அவளிடம் கொடுப்பார். வீட்டுக்குத் தண்ணீர் இழுக்கும் தடித்த பிளாஸ்டிக் குழாய், முழங்கை நீளம், இரண்டு பக்கமும் மூடி ஒட்டியது. ஒரு மூடியில் டயர் வால்வு. "தண்ணி லைன்ல கசிவு பாக்கற சாமான். முப்பத்து மூணு வை" என்பார். அவள் முப்பத்து மூன்று வைப்பாள். இரண்டு தரம் அளப்பாள். வால்வில் எச்சில் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பாள். ஆட்டினால் உள்ளே ஏதோ கலகலக்கும். அது என்னவென்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அவள் உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன். போயிருக்கக்கூடாதுதான். ஆனால் போனேன்.

"அந்தப் பைப்புக்குள்ள என்ன இருக்கு?"

டயர்க்காரர் ரிம்மை உருட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"எந்தப் பைப்பு?"

"என்னைக் கத்த வைக்காதீங்க. எந்தப் பைப்புன்னு உங்களுக்குத் தெரியும்."

ரிம் போய்ச் சுவரில் சாய்ந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முதலாளி பழைய ரிம்மு வாங்கிப் போட்டாரு. அதுல சென்சார் உக்காரல. உக்காரலேன்னா மஞ்ச விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். விளக்கு எரியற வண்டிய ஆலை கேட்டுல உள்ள விடமாட்டான், தினமும் வாட்ச்மேன் எட்டிப் பாத்து எழுதறான். முதலாளி எதாவது பண்ணுன்னாரு. நாலு சென்சாரையும் பைப்புல போட்டு, காத்து அடிச்சு, கடைசி சீட்டுக்குக் கீழ வெச்சேன். பைப்புல இருக்கற காத்தத்தான் அது டயர்னு நெனச்சுக்கும். ஏசியில குளுகுளுன்னு கெடக்கும். நாலும் முப்பத்து மூணு காட்டும். எத்தன பேரு பண்றான். நான் மட்டுமா?"

"டயருக்கு யாரு காத்து பாத்தா?"

அவர் சுவரில் சாய்ந்த ரிம்மை நிமிர்த்தப் போனார்.

"மாசாமாசம் பைப்புக்குக் காத்து அடிக்க வண்டி இங்க வந்துச்சு இல்ல? கடை வாசல்ல நின்னுச்சு இல்ல? 'இதுக்குத்தான் திரை இருக்கே, நீ பாக்க வேணாம்'னு என்னையும் தடுத்தீங்க. அப்ப நீங்களாவது நாலு டயரையும் பாக்கறதுக்கு என்ன கேடு?"

"நான் வேலையா இருப்பேன். திரையில சரியா காட்டுதேன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

பொய்யைத் தன் கையால் செய்து வைத்துவிட்டு, அந்தப் பொய்யைத் தானே பார்த்துத் தானே நம்பியிருக்கிறார்! இப்படி ஒரு முட்டாள்தனத்தை நான் என் ஆயுசில் கேட்டதில்லை. கையில் என்ன கிடைக்கிறது என்று தேடினேன். நல்லவேளை, ஒன்றும் கிடைக்கவில்லை.

"அவன்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் அவள். குரல் இறங்கியிருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"சொன்னா மாப்ள வண்டிய எடுக்கமாட்டான். அவன் குணம் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் சொல்லல."

"ஆமா."

"வண்டி ஆடுதுன்னு வீட்டுல ராத்திரிச் சோத்துல உக்காந்து உங்ககிட்டயும் சொன்னானே. 'ரோடு சரியில்ல மாப்ள'ன்னு சொன்னீங்களே. என் பக்கத்துல உக்காந்து சொன்னீங்களே."

"இவ்வளவு ஆகும்னு நெனக்கல."

"அந்த விளக்கு என்னய்யா பாவம் பண்ணிச்சு? ஓடற நேரமெல்லாம் சக்கரத்தப் பாத்துக்கிட்டே இருக்கட்டும்னு ஒருத்தன் கண்ணு வெச்சு அனுப்பியிருக்கான். அந்தக் கண்ண நோண்டிப் பைப்புக்குள்ள போட்டு மூடிட்டு, அதுக்கு என் கையாலயே காத்தடிக்க வெச்சிருக்கே. நீ மனுசனா?"

பதினான்கு வருடத்தில் அவள் அவரை 'நீ' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். டயர்க்காரருக்கும் அது அடி மாதிரி இருந்திருக்க வேண்டும். உட்கார்ந்துவிட்டார்.

"வெளிய சொன்னா கடை போயிடும்டி" என்றார். "உன் காத்தும் சேர்ந்து போயிடும். நீ அடிச்ச காத்துதானேன்னு உன்னையும் கேப்பான்."

"கேக்கட்டும்" என்றாள்.

அன்று முழுக்கக் கடையில் இருவரும் பேசவில்லை. வந்த வண்டிகளுக்கெல்லாம் அவள் காற்று வைத்தாள். ஒவ்வொரு டயரையும் மூன்று தரம் அளந்தாள். ஒருத்தர், "என்னக்கா, போன தரம் ரெண்டு தரம்தான அளந்தீங்க?" என்றார். அவரை முறைத்த முறைப்பில் அவர் டீக்கடைப் பக்கம் போய்விட்டார். மத்தியானம் நான் ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆரஞ்சைத் தோலோடு கசக்கிக் குப்பையில் எறிந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. முதலாளியின் வண்டிப் பட்டறையில் வேன் ஒருபக்கம் நசுங்கி நின்றது. பின்பக்கத்து இடது சக்கரத்தில் ரப்பர் நார் நாராகத் தொங்கியது. ஆய்வாளர் மூக்குக் கண்ணாடியும் காகித அட்டையுமாக வந்திருந்தார். முதலாளி அவருக்குக் குடை பிடிக்க ஒரு ஆளை வைத்திருந்தார். டயர்களை மாதாமாதம் சரிபார்த்ததாக எழுதிய தாளோடு டயர்க்காரரும் நின்றார். ஆய்வாளர் முன்னால் அவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குத்தான் அழைத்திருந்தார்கள்.

நானும் காத்தக்காவும் உள்ளே போனதும், "இது யாரு?" என்றார் ஆய்வாளர்.

"ஓட்டினவனோட அக்கா. காத்து வைக்கறவ" என்றாள். "கால் ஒடிஞ்சு கெடக்கான், அதனால நான் வந்தேன்."

"நில்லும்மா. ஆனா குறுக்க பேசக்கூடாது."

அவர் சாவியைத் திருகினார். திரை எழுந்தது. பதினான்கு நாளாக நசுங்கிக் கிடக்கும் வண்டி, ஒரு சக்கரம் நார்நாராகக் கிழிந்த வண்டி, நான்கு மூலையிலும் 33 காட்டியது. ஆய்வாளர் எழுத ஆரம்பித்தார்.

எனக்கு அப்போதுதான் ஒன்று புரிந்தது. குழாயை எடுத்துவிட்டால் திரை காலியாகிவிடும். திரைதான் அவர்களுடைய ஒரே சாட்சி. அதனால் அதை எடுக்க முதலாளிக்குத் துணிவு வந்திருக்காது. அது இன்னும் இந்த வண்டிக்குள்தான் இருக்க வேண்டும்.

"சார், குறுக்க பேசல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள் காத்தக்கா. "வெடிச்ச சக்கரத்துக்கு எவ்வளவு காட்டுது?"

ஆய்வாளர் பேனாவை நிறுத்தினார். திரையைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார்.

"அது கடைசியா இருந்த அளவு சார். மெமரி" என்றார் முதலாளி.

"சரிங்க, மெமரின்னே வெச்சுக்கலாம். நல்லா இருக்கற மூணு சக்கரத்த நான் அளந்து பாக்கலாமா?"

ஆய்வாளர் தலையாட்டினார். அவள் குந்தி அளந்தாள். ஒவ்வொன்றையும் அவரிடம் காட்டினாள். இருபத்து மூன்று. இருபத்தைந்து. பத்தொன்பது.

"நின்ன வண்டிக்குக் காத்து இறங்கத்தானே செய்யும்?" முதலாளியின் குரல் உயர்ந்தது. "பொம்பள வந்து என் பட்டறையில நாடகம் ஆடறா, நீங்க பாத்துக்கிட்டு நிக்கறீங்க!"

"இறங்கட்டும்யா. இறங்கினது திரைக்கு ஏன் தெரியல? அதுக்குத்தான அது இருக்கு?" அவளுக்கும் குரல் உயர்ந்துவிட்டது. "பத்தொம்பதுக்கு விளக்கு எரியணும் சார், கத்தணும். ஏன் கத்தல?"

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். அவள் வண்டிக்குள் ஏறிக் கடைசி சீட்டுக்கு அடியில் கையை விட்டாள். ஜாக்கி, கோணி, ஒரு செருப்பு. குழாய் இல்லை. அங்கிருந்தபடியே திரும்பித் தன் புருஷனைப் பார்த்தாள். எல்லோரும் அவரைப் பார்த்தோம். முதலாளியும் பார்த்தார். அவர் பார்த்த பார்வை வேறு.

டயர்க்காரர் கையிலிருந்த தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பேனா இருந்த அதே பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். வண்டிக்குள் ஏறி, சீட்டுக்குப் பக்கத்துச் சுவர்ப் பலகையின் நான்கு திருகுகளையும் கழற்றினார். விபத்துக்குப் பிறகு முதலாளி சொல்லி அவரேதான் அங்கே மாற்றி ஒளித்திருந்தார் என்று அப்புறம் தெரிந்தது. உள்ளேயிருந்து வெள்ளைக் குழாயை எடுத்து அவளிடம் நீட்டினார். அவரை மன்னிக்க எனக்கு இன்றும் மனமில்லை. ஆனால் அந்த நான்கு திருகையும் அவர்தான் கழற்றினார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"சார், திரையப் பாத்துக்கிட்டே இருங்க" என்றாள்.

வால்வின் உள்முள்ளைத் திருகி எடுத்தாள். காற்று சீறியது. ஆய்வாளர் கண்ணை எடுக்காமல் பார்த்தார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முன்பக்கத்து வலது எண் இருபத்தெட்டானது. அடுத்தது இருபத்தொன்று. நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. நான்கு மூலையிலும் பூஜ்யம். கண்ணெதிரே மூன்று சக்கரம் காற்றோடு நின்றது. இப்போதும் அந்தத் திரை பொய்தான் சொன்னது, ஆனால் இந்தப் பொய்யை யாராலும் நம்ப முடியாது.

குடைக்காரன் குடையை மடக்கிவிட்டான்.

ஆய்வாளர் எழுதியிருந்த தாளைக் கிழித்தார். புதுத்தாள் எடுத்தார். "இதை வைக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டு முதலாளியின் பெயரை எழுதினார். "செஞ்சது யாரு?" டயர்க்காரர், "நான்" என்றார். எழுதினார். மூடியைப் போட்டுப் பேனாவைச் செருகப் போனார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள் காத்தக்கா. "மாசாமாசம் அதுக்குக் காத்து வெச்சது நான். ரெண்டு தரம் அளந்து வெச்சேன். கசிவு இருக்கான்னு எச்சில் தொட்டுப் பாத்து வெச்சேன். உள்ள கலகலன்னு சத்தம் கேட்டுச்சு. என்னன்னு ஒரு வார்த்த கேக்கல. எம்பேரையும் எழுதுங்க."

"உனக்குத் தெரியாதேம்மா. தெரியாம செஞ்சதுக்கு..."

"எழுதுங்க சார்" என்று கத்தினாள். நான் அவள் தோளைப் பிடித்தேன். உதறிவிட்டாள். "அந்தப் பொண்ணுக்கு இடுப்பு ஒடிஞ்சிருக்கு. எழுதுங்க."

அவர் எழுதினார்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். வெயில் கொளுத்தியது. வழி முழுக்க அவள் வாய் ஓயவில்லை. முதலாளியைத் திட்டினாள், புருஷனைத் திட்டினாள், ஆலை வாட்ச்மேனைத் திட்டினாள், கேட்காமல் இருந்ததற்காக என்னையும் திட்டினாள். எல்லாம் எனக்குச் சரியென்றே பட்டது.

அறுபது தலையணையில் சாய்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மச்சான் செய்ததை, தான் காற்று வைத்ததை, பத்தொன்பதை, பூஜ்யத்தை. லைசென்ஸ் போகாது என்று ஆய்வாளர் சொன்னதையும் சொன்னாள். கடை இனி இருக்குமா என்று தெரியாது என்பதையும் சொன்னாள். அவன் ஸ்டியரிங் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் போர்வைமேல் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப வண்டி ஆடினது நெசந்தானாக்கா?" என்றான்.

"நெசந்தான்டா."

"அறுபதுலதான் போனேன்" என்றான். "அறுபதுலதான்க்கா போனேன்." சொல்லிவிட்டு, கால் உடைந்த அன்றுகூட அழாதவன், வீடே அதிர ஓவென்று அழுதான்.